மேய்ச்சல் புல்வெளிப் பூச்சிகளை ஆய்வுக்காக வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்வெளியைத் தின்னும் பூச்சிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தொடங்குபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகளும் நாள் கணக்கும் பெரும்பாலும் அமெரிக்கன் படைப்புழுவுக்கானவை. வேறு பூச்சி என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

புல்வெளியில் நாலு இடம் தோண்டினாலே புழு கிடைக்குதே, அதை ஏன் மெனக்கெட்டு கூண்டில் வளர்க்கணும்?

கிடைக்கும். ஆனால் அந்தப் புழுவுக்கு எத்தனை நாள் வயது, எதைத் தின்றது, மருந்து பட்டதா, உடம்புக்குள் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று எதுவும் தெரியாது. ஒரு நோய்க்கிருமியைக் கொடுத்துப் பார்க்கிறீர்கள், 30 புழு சாகிறது. கிருமியால் செத்ததா, வரும்போதே சாகிற நிலையில் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஒரே வயது, ஒரே உணவு, ஒரே வெப்பநிலையில் வளர்ந்த புழு இருந்தால்தான் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று பருவம். மண்ணுக்குள் இருந்து புல்வேரைத் தின்னும் வண்டின் புழுவை வேர்ப்புழு என்கிறோம். பல வேர்ப்புழுக்களுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். வயலை மட்டும் நம்பினால் வருடத்தில் சில வாரங்கள்தான் வேலை நடக்கும்.

எந்தப் பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம், எதை வயலிலிருந்து எடுப்பதே மேல்?

படைப்புழு, வெட்டுப்புழு, வெட்டுக்கிளி, சிள்வண்டு ஆகியவை தொடர் வளர்ப்புக்கு ஒத்துவரும். படைப்புழு 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை ஏறக்குறைய 30 நாளில் முடித்துவிடும். சிள்வண்டில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து புல்வெளிகளில் இருக்கும் கறுப்பு வயல் சிள்வண்டின் முட்டை குளிர்காலத்தை உறக்கநிலையில் கடப்பது. குளிர்ச்சி காட்டாமல் சூட்டிலேயே வைத்துவிட்டு, முட்டை பொரிக்கவில்லை என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது.

வேர்ப்புழுவை முட்டையிலிருந்து வண்டு வரை கூண்டில் கொண்டுபோகலாம், ஆனால் மாதக்கணக்கில் இடம் பிடிக்கும், பாதி வழியில் நிறைய சாகும். அதனால் நியூசிலாந்தின் புல்வேர்ப்புழு போன்றவற்றை மூன்றாம் புழுப்பருவத்தில், அதாவது இரண்டு முறை தோலுரித்த பிறகு, வயலிலிருந்து எடுத்து, வடிகட்டி, சோதனைக்குப் பயன்படுத்துவதே நடைமுறை. அதே நாட்டில் புல்லைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவான போரினா நடுத்தரம். தாய் அந்துப்பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது, சில நாள்தான் உயிரோடிருக்கும். வெளிச்சப் பொறியில் பிடித்த பெண்ணைக் குப்பியில் விட்டால் ஆயிரக்கணக்கில் முட்டையைக் கொட்டிவிடும். வெளிறிய முட்டை கறுத்தால் கரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து புழுப்பருவத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி பொறி வைப்பதே எளிது.

தொடங்க எத்தனை பூச்சி வேணும்? பத்து ஜோடி போதாதா?

முட்டை எண்ணிக்கைக்குப் போதும், ஒரு படைப்புழு அந்துப்பூச்சியே ஆயிரத்துக்கு மேல் இடும். மரபுக்குப் போதாது. பத்து ஜோடியில் தொடங்கினால் சில தலைமுறைகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து, பொரிப்பு குறைந்து, வளர்ப்பு படுத்துவிடும். பல இடங்களிலிருந்து குறைந்தது 200 புழுவாவது எடுங்கள். அதில் கணிசமான பங்கு ஒட்டுண்ணிக்கும் நோய்க்கும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் நாளே 10 புழுவையும் பிறகு வரும் அந்துப்பூச்சிகளில் சிலவற்றையும் 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். போரினாவில் பல இனங்கள் உண்டு, புழுவைப் பார்த்துப் பிரிக்க முடியாது, டி.என்.ஏ. பார்த்தால்தான் தெரியும். படைப்புழுவிலும் நெல் வகை, மக்காச்சோள வகை என்று இரண்டு உண்டு, புல்வெளியில் அதிகம் வருவது நெல் வகை. இரண்டு வருடம் கழித்து எதை வளர்த்தோம் என்று கேள்வி வந்தால் அந்தக் குப்பிதான் பதில் சொல்லும்.

வயலிலிருந்து வந்ததை நேரா வளர்ப்பறைக்குள்ளே வைக்கலாமா?

கூடாது. தனி அறையில், தனிப் பிரஷ், தனி இடுக்கியோடு ஒரு முழுத் தலைமுறை வையுங்கள். ஒவ்வொரு புழுவும் தனிக் கிண்ணத்தில். குளவியோ ஈயோ வெளியே வந்தால் மூடியிருக்கும்போதே உறைப்பெட்டிக்குள் போக வேண்டும். செத்த புழு ஒவ்வொன்றையும் ஏன் செத்தது என்று பாருங்கள். இந்தத் தலைமுறையின் முட்டைதான், கழுவிய பிறகு, வளர்ப்பறைக்குள் நுழைய வேண்டும்.

கூன்வண்டு எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நியூசிலாந்தில் கூன்வண்டைக் கட்டுப்படுத்த விட்ட மைக்ரோக்டோனஸ் குளவிகள், வளர்ந்த வண்டின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். வண்டு வெளியே நன்றாகத்தான் தெரியும், ஆனால் முட்டையிடாது. சில வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் சேர்த்துவிட்டால், உங்கள் கூண்டு குளவி வளர்ப்பாக மாறியிருக்கும்.

அறைக்கு ஏசி போட்டா போதுமா?

ஏசி சூட்டைக் குறைக்கும், கூடவே காற்றை உலர்த்திவிடும். படைப்புழுவுக்கு 25 முதல் 27 டிகிரி, 60 முதல் 70 சதவீத ஈரப்பதம், 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. அறையின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், கிண்ணத்தின் பக்கத்தில் வெப்பமானியை வையுங்கள். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் 2, 3 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதுவே ஒரே நாளில் பொரித்த புழுக்கள் வெவ்வேறு நாளில் தோலுரிக்கப் போதுமான காரணம். தட்டுகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

சின்னப் பெட்டிக்குள் ஈரப்பதத்தை நிறுத்த இயந்திரம் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் சமையல் உப்பைப் போட்டு, கரையாத உப்பு அடியில் தெரியும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். 25 டிகிரியில் பெட்டிக்குள் 75 சதவீதத்தில் நிற்கும். முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் இது நல்ல அளவு.

செயற்கை உணவு எப்படிச் செய்யறது? அளவோட சொல்லுங்க.

ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு: கொண்டைக்கடலை மாவு 100 கிராம், உலர் ஈஸ்ட் 30 கிராம், அகர் 15 கிராம், அஸ்கார்பிக் அமிலம் 3.5 கிராம், மெத்தில் பாரபென் 2 கிராம், சோர்பிக் அமிலம் 1 கிராம், வைட்டமின் கலவை 2 மி.லி., தண்ணீர் 850 மி.லி. புல் தின்னும் வகைக்கு உலர்ந்த புல் இலைத் தூள் 10 கிராம் சேர்த்தால் இளம்புழு சீக்கிரம் வாய் வைக்கும்.

பாதித் தண்ணீரில் மாவையும் ஈஸ்ட்டையும் கரைத்துக் கொதி நிலைக்குக் கொண்டுவாருங்கள். பச்சை மாவில் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன, சூடு அவற்றைப் பெரிதும் குறைத்துவிடும். மீதித் தண்ணீரில் அகரை முழுதாகத் தெளியும்வரை கொதிக்க வைத்து இரண்டையும் சேர்த்து மிக்சியில் அடியுங்கள். சூடாக இருக்கும்போதே பாரபெனையும் சோர்பிக் அமிலத்தையும் போடுங்கள், பாரபென் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு அஸ்கார்பிக் அமிலமும் வைட்டமினும். முன்பே போட்டால் சூட்டில் அழிந்துவிடும். 45 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ஊற்றி முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு அகர் கட்டி கட்டியாக உறையத் தொடங்கும்.

30 மி.லி. கிண்ணத்துக்கு 8 முதல் 10 மி.லி. போதும். மூடாமல், சுத்தமான இடத்தில், மேல்பரப்பில் நீர்ப்பளபளப்பு போகும்வரை ஆறவிடுங்கள். மூடிய பெட்டியில் குளிர்பதனத்தில் இரண்டு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தும் முன் அறை வெப்பத்துக்கு வரவேண்டும்.

உணவில் விட்ட புழு முதல் நாளே செத்துடுது. உணவில் ஏதாவது விஷமா?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அப்போது பொரித்த புழுவின் தலை அகலம் 0.35 மில்லிமீட்டர். மூடியின் உட்புறத்திலிருந்து விழும் ஒரு வியர்வைத் துளி அதற்குக் குளம். துளிக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் செத்திருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஆறாமல் மூடியது, குளிர்பதனத்திலிருந்து எடுத்த உடனே புழுவை விட்டது, இந்த இரண்டையும் நிறுத்தினாலே பாதிச் சாவு நிற்கும்.

அடுத்தது கையாளும் விதம். புழுவைப் பிரஷ்ஷால் தொட்டுத் தூக்காதீர்கள். அது விடும் நூலைப் பிரஷ்ஷின் நுனியில் சுற்றி, தொங்க விட்டு, உணவின் மேல் இறக்குங்கள். அதைவிட நல்லது, முட்டை கறுத்து நாளை பொரிக்கும் என்ற நிலையில் காகிதத்தோடு சின்னத் துண்டாக வெட்டி மூடியில் ஒட்டிவிடுவது. இரண்டும் சரியாக இருந்தும் சாகிறது என்றால் பாரபெனை எடை போட்டவரிடம் கேளுங்கள். 2 கிராமுக்குப் பதில் 5 கிராம் விழுந்தால் பூஞ்சணமும் வராது, புழுவும் வளராது.

ஒரு கிண்ணத்தில் எத்தனை புழு விடலாம்?

முதல் இரண்டு பருவம் வரை 20, 30 கூட இருக்கலாம். படைப்புழு மூன்றாம் பருவத்திலிருந்து ஒன்றையொன்று தின்னும், அப்போது கிண்ணத்துக்கு ஒன்றுதான். உணவு நிறைய இருந்தாலும் தின்னும், அதனால் உணவை அதிகப்படுத்தி இதைத் தடுக்க முடியாது. கூட்டம் புழுவின் உடம்பையும் மாற்றுகிறது. ஆப்பிரிக்கப் படைப்புழுவை நெருக்கமாக வளர்த்தால் கறுக்கும், தனியாக வளர்த்தால் பச்சையாக இருக்கும். கறுத்தவை வைரஸ் நோயை அதிகம் தாங்கும். நோய்க்கிருமிச் சோதனைக்கு வளர்ப்பவர்கள் நெருக்கத்தை ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும்.

எந்தப் பருவம்னு நீளத்தைப் பார்த்துச் சொல்லலாமா?

நீளம் ஏமாற்றும், தின்றால் நீளும், பட்டினி போட்டால் சுருங்கும். தலை ஓடு தோலுரிக்கும்போது மட்டுமே பெரிதாகும். படைப்புழுவுக்கு ஆறு பருவத்திலும் தலை அகலம் ஏறக்குறைய 0.35, 0.45, 0.75, 1.3, 2.0, 2.6 மில்லிமீட்டர். சோதனைக்கு எடுக்கும்போது தோலுரித்த அன்றே எடுங்கள். கிண்ணத்தில் உதிர்ந்த தலை ஓடு கிடப்பதும், புதுத் தலை வெளிறிப் பெரிதாக இருப்பதும் அடையாளம்.

கூட்டுப்புழுவில் ஆண் பெண் எப்படிப் பிரிக்கறது?

வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி, வால் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். பெண்ணுக்கு இனப்பிளவு எட்டாம் கண்டத்தில், மலத்துளையிலிருந்து தள்ளி இருக்கும். ஆணுக்கு ஒன்பதாம் கண்டத்தில், இரண்டு பக்கமும் சின்ன மேடுகளோடு, மலத்துளைக்கு நெருங்கி இருக்கும். தோல் கெட்டியான மூன்றாம் நாளில் பாருங்கள். அதற்கு முன் தொட்டால் நசுங்கும்.

அந்துப்பூச்சி நல்லா இருக்கு, ஆனா முட்டை பொரிக்கவே மாட்டேங்குது. என்ன தப்பு?

முட்டை இடுகிறது, பொரிக்கவில்லை என்றால் இணைசேரவில்லை, அல்லது ஆணுக்கு வளமில்லை. இணைசேர்வது இருட்டில் நடக்கும். இரவில் விளக்கைப் போட்டுப் பார்ப்பது, கதவிடுக்கில் வெளிச்சம் வருவது, விளக்கின் நேரக்கட்டுப்பாடு கெட்டுப்போவது, மூன்றுமே இதைக் கெடுக்கும். கூட்டுப்புழுப் பருவத்தில் அறை சில நாள் 32 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆணின் வளம் குறைந்திருக்கலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெண்கள் ஆண்களுக்குச் சற்று முன்பே வெளிவருவதும் உண்டு. அதனால் ஒரே நாள் வந்தவற்றை மட்டும் சேர்க்காமல், மூன்று நாள் வரவையும் கலந்து 10, 12 ஜோடியாகக் கூண்டில் விடுங்கள். பஞ்சில் 10 சதவீதத் தேன் கரைசல், இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக. புளித்த பஞ்சு பூஞ்சணத்தைக் கூண்டுக்குள் கொண்டுவரும்.

சிறகு விரியாமல் சுருண்டிருந்தால் வேறு காரணம். வெளிவரும் பூச்சி செங்குத்தாக ஏறித் தொங்கித்தான் சிறகை விரிக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது. உள்ளே சொரசொரப்பான காகிதம் ஒட்டுங்கள், ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள்.

வேர்ப்புழுவைக் கொண்டுவந்து மண்ணோடு வாளியில் போட்டோம், ஒரு வாரத்தில் பாதி கறுத்துப்போச்சு. ஏன்?

ஒன்றையொன்று கடித்திருக்கும். வாளியில் நெருங்கிக் கிடக்கும் வேர்ப்புழுக்கள் எதிரில் வருவதைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் முதலில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி, அதன் வழியாக மண் பாக்டீரியா உள்ளே போய், இரண்டு மூன்று நாளில் உடம்பு முழுக்கக் கறுத்துக் கூழாகும். மண்வெட்டி பட்ட புழுவுக்கும் இதே கதிதான்.

தோண்டும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் தனிக் குழியில் போடுங்கள், ஐஸ் தட்டு அல்லது 24 குழித் தட்டு நன்றாக ஒத்துவரும். ஆய்வுக்கூடத்தில் 15 டிகிரியில் வைத்து, குழிக்கு ஒரு சின்ன காரட் துண்டு. 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். காரட்டில் கடித்த தடம் இருந்து, குடல் கறுப்பாக நிறைந்திருந்தால் நல்ல புழு. தின்னாதவை, புள்ளி உள்ளவை, நிறம் மாறியவை எல்லாம் வெளியே. வயலிலிருந்து எடுக்கும் புழுவுக்கு இந்த 48 மணி நேர வடிகட்டலைத் தவிர்க்கவே கூடாது.

முட்டையிலிருந்து வளர்க்க நினைப்பவர்கள் மண் ஈரத்தைக் கவனியுங்கள். வேர்ப்புழு வண்டின் முட்டை இட்டபோது சற்று நீள்வட்டமாக இருக்கும், மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி உருண்டையாக உப்பும். மண் காய்ந்தால் உப்பாமலே செத்துவிடும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மண்ணில் உள்ள கிருமிகளை நீக்க, அதை ஈரப்படுத்தி 70 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினால் போதும். அதிக நேரம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) வைத்த மண்ணில் செடிக்கும் புழுவுக்கும் ஆகாத பொருட்கள் வெளிப்படும்.

நல்ல பச்சை ரைகிராஸ்தான் போடறோம், கூன்வண்டு தின்னவே மாட்டேங்குது.

புல்லுக்குள் எண்டோஃபைட் இருக்கிறதா என்று பாருங்கள். ரைகிராஸ் இலைக்குள் வாழும் எபிக்ளோயே என்ற பூஞ்சை பெராமின் என்னும் பொருளைச் சுரக்கிறது, அர்ஜென்டினா தண்டுக் கூன்வண்டுக்கு அது பிடிக்காது. விவசாயி வேண்டுமென்றே இந்தப் பூஞ்சை உள்ள விதையைத்தான் விதைப்பார். உங்களுக்கு வேண்டியது பூஞ்சை இல்லாத விதை. இலையுறையைச் சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்த்தால் செல்களுக்கு நடுவே நெளிந்து போகும் பூஞ்சை இழை தெரியும். பூஞ்சை விதை வழியாகத்தான் பரவும் என்பதால், ஒருமுறை சுத்தமான விதையை உறுதிசெய்துவிட்டால் அந்தப் பொதி தீரும்வரை கவலையில்லை.

கிளோவர் என்னும் பயறு வகைத் தீவனச் செடியின் வேர்க் கூன்வண்டு வளர்ப்பவர்களுக்கும் இதே போல் ஒரு சிக்கல் உண்டு. அதன் இளம்புழு வேர் முடிச்சைக் குடைந்துதான் வாழ்க்கையைத் தொடங்கும். சுத்தம் செய்த மண்ணில், முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா இருக்காது, முடிச்சு வராது, புழு பட்டினியில் சாகும். விதையோடு ரைசோபியம் சேர்த்து, முடிச்சு விட்ட பிறகு முட்டையைப் போடுங்கள். நைட்ரஜன் உரம் போட்டால் செடி பச்சையாக இருக்கும், முடிச்சு மட்டும் குறைந்துவிடும்.

வெட்டுக்கிளியை எப்படி வளர்க்கறது, தனியாவா கூட்டமாவா?

எந்த நிலையை ஆராய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே இனம் தனியாக வளர்ந்தால் ஒரு நிறம், ஒரு குணம். கூட்டமாக வளர்ந்தால் வேறு. 1921-இல் உவாரோவ் இதை விளக்கும்வரை இரண்டையும் தனித்தனி இனம் என்றே கருதினார்கள். கூண்டுக்கு 30 முதல் 32 டிகிரி, உள்ளே வெயில் காய ஒரு விளக்கு, தினமும் புதிதாக வெட்டிய கோதுமை நாற்றும் உலர்ந்த தவிடும். முட்டையிட, 10 செ.மீ. ஆழக் குவளையில் கழுவிய மணல், 100 கிராமுக்கு 10 முதல் 15 மி.லி. தண்ணீர். குவளையை மேல்வரை நிரப்புங்கள். விளிம்புக்குக் கீழே மணல் இருந்தால் பெண் வயிற்றை முழுதாக இறக்க முடியாமல் போய்விடும்.

புழு கிண்ணத்தின் மூடியில் ஏறித் தலைகீழா தொங்கிச் சாகுது. இது என்ன நோய்?

என்பிவி என்னும், பூச்சிப் புழுக்களைத் தாக்கும் வைரஸ். தோல் மெலிந்து, தொட்டால் கிழிந்து, உள்ளே இருப்பது பால் போலவோ பழுப்பாகவோ வழியும். ஒரு புழுவிலிருந்து வழிவதில் கோடிக்கணக்கான வைரஸ் கட்டிகள் இருக்கும், அதனால் அந்தக் கிண்ணத்தைத் திறக்கவே கூடாது. பூஞ்சையால் செத்தது விறைத்து, வெள்ளை அல்லது பச்சைத் தூள் பூத்திருக்கும். பாக்டீரியாவால் செத்தது கறுத்து, தளர்ந்து, நாறும்.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை பரவலை நிறுத்துவது. அந்தத் தட்டு முழுவதையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள், நல்லதாகத் தெரியும் பக்கத்துப் புழுவைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தினசரி வேலை வரிசையும் இதற்காகத்தான்: முதலில் முட்டை, பிறகு இளம்புழு, பெரிய புழு, கடைசியில் நோய்ச் சோதனை அறை. அந்த அறைக்குப் போனவர் அன்று திரும்பி வளர்ப்பறைக்குள் வரக் கூடாது.

முட்டையை பிளீச்சில் கழுவிட்டா எல்லா நோயும் போயிடுமா?

முட்டையின் மேலே இருப்பது போகும். 0.1 முதல் 0.2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடம் வைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசி, காகிதத்தில் உலர்த்துங்கள். படைப்புழு முட்டைக் குவியலின் மேல் செதில் மூடியிருக்கும், கரைசல் உள்ளே போகும்படி மெதுவாக அசைக்க வேண்டும்.

ஆனால் மைக்ரோஸ்போரிடியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வரும், எந்தக் கழுவலும் தொடாது. இது இருந்தால் புழு உடனே சாகாது. வளர்ச்சி மந்தமாகும், அளவு கலந்துகட்டியாகும், முட்டை குறையும், எல்லாரும் உணவைக் குறைசொல்வார்கள். பட்டுப்புழுவின் பெப்ரின் நோய் இதே வகைதான். 1860-களில் பாஸ்டர் காட்டிய வழிதான் இன்றைக்கும் வழி: ஒவ்வொரு ஜோடியையும் தனியாக முட்டையிட விட்டு, பிறகு தாயை ஒரு துளி நீரில் நசுக்கி 400 மடங்கில் பாருங்கள். பளபளக்கும் நீள்வட்ட வித்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டை முழுவதும் போக வேண்டும். மூன்று தலைமுறை தொடர்ந்து ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் சுத்தம் என்று சொல்லலாம்.

மருந்து போடாத கன்ட்ரோல் புழுவும் சாகுது. அந்தச் சோதனையை வெச்சுக்கலாமா?

5 சதவீதத்துக்குள் என்றால் பொதுவாக அப்படியே எடுத்துக்கொள்வார்கள். 5 முதல் 20 வரை என்றால் 1925-இல் ஆபட் கொடுத்த சூத்திரத்தில் திருத்துவார்கள். கன்ட்ரோலில் 10 சதவீதம், மருந்தில் 64 சதவீதம் செத்தால், 64-இலிருந்து 10-ஐக் கழித்து 54, அதை 90-ஆல் வகுத்தால் 60 சதவீதம். 20-ஐத் தாண்டினால் திருத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு வளர்ப்பில் என்ன கோளாறு என்று தேடுங்கள்.

வயலில் நல்லா வேலை செய்யற உயிரி மருந்து எங்க சோதனையில் ஒண்ணுமே செய்யலை. மருந்து கெட்டுப்போச்சா?

முதலில் உங்கள் உணவைப் பாருங்கள். உணவு கெடாமல் இருக்கப் போடும் ஆன்டிபயாட்டிக் பாக்டீரியா மருந்தையும் கொல்லும், பாரபென் பூஞ்சையை அடக்கும், ஃபார்மலின் வைரஸைச் செயலிழக்க வைக்கும். சோதனைக்கு இவை இல்லாத உணவைத் தனியே செய்து, புழுவை ஒரு நாள் முன்பே அதற்கு மாற்றுங்கள். அல்லது இலைத் துண்டில் சோதனை செய்யுங்கள்.

இன்னொன்று, எதை எண்ணுகிறீர்கள் என்பது. புல்வேர்ப்புழுவுக்கு செராஷியா என்ட்டோமோஃபிலா பாக்டீரியாவைக் காரட்டில் தடவிக் கொடுத்தால், ஒன்றிலிருந்து மூன்று நாளில் தின்பது நிற்கும், கறுத்த குடல் காலியாகி உடம்பு தேன் நிறத்துக்கு வரும். ஆனால் சாக வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். ஏழாம் நாள் சாவை மட்டும் எண்ணினால் மருந்து தோற்றது போலத் தெரியும். நிறமும் காரட்டில் கடித்த தடமும்தான் அங்கே கணக்கு.

முப்பது தலைமுறையா அதே வளர்ப்புதான். இதில் வர்ற முடிவு வயலுக்குப் பொருந்துமா?

பகுதிதான் பொருந்தும். கூண்டில் தப்பிப் பிழைப்பது கூண்டுக்கு ஏற்றது: செயற்கை உணவைத் தின்பது, மெதுவாகப் பறப்பது, சீக்கிரம் முட்டையிடுவது. பூச்சிமருந்து படாமலே வளர்ந்ததால் மருந்துக்கு எளிதில் சாகும். மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இது நல்லதே, ஏனென்றால் அளவுகோல் மாறாது. வயலில் எத்தனை கிராம் தெளிக்க வேண்டும் என்று சொல்ல இது உதவாது. அதற்கு வயலிலிருந்து எடுத்த இரண்டாம் தலைமுறையை அருகில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

வயல் ஆண்களை வருடத்துக்கு ஒருமுறையாவது சேர்ப்பது நல்ல வழக்கம், முன்பு சொன்ன தனி அறைக் காவலுக்குப் பிறகு மட்டும். ஒப்பீட்டுக்கான தூய வளர்ப்பில் மட்டும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பொரிப்பு சதவீதம், கூட்டுப்புழு எடை, ஆண் பெண் விகிதம் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். சராசரிக் கூட்டுப்புழு எடை தொடர்ந்து மூன்று தலைமுறை இறங்கினால் நோயையோ உணவையோ தேடத் தொடங்க வேண்டும், அதற்குள் சாவு தொடங்கியிருக்காது.

கூண்டைத் திறந்தாலே தும்மல், கண் எரிச்சல். பழகிடுமா?

பழகாது, கூடும். அந்துப்பூச்சிச் செதிலும் வெட்டுக்கிளிக் கழிவும் ஒவ்வாமையைத் தருபவை, வெட்டுக்கிளி வளர்ப்பவர்களுக்கு ஆஸ்துமா வரை போனதுண்டு. என்95 முகமூடி, கையுறை, அறைக்கு மட்டுமான மேலங்கி, காற்றை வெளியே இழுக்கும் பெட்டிக்குள் கூண்டைத் திறப்பது, எல்லாமே முதல் நாளிலிருந்து. மூச்சிரைப்பு வந்தால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

ஆய்வு முடிஞ்சது. மிச்சமிருக்கற புழுவை எடுத்த இடத்திலேயே விட்டுடலாமா?

விடக் கூடாது, ஒன்றைக்கூட. கூண்டில் பரவிய நோய், மாறிய மரபு இரண்டும் அதோடு வெளியே போகும். வேறு வட்டாரத்திலிருந்து வந்த வகை என்றால் புதிதாக ஒரு பூச்சியையே புல்வெளிக்குக் கொடுத்ததாகிவிடும். படைப்புழு அமெரிக்காவிலிருந்து 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டபின் எத்தனை வேகமாகப் பரவியது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பூச்சியை வளர்க்க உங்கள் நாட்டின் தாவரத் தனிமைக் காப்பு அமைப்பு கொடுத்த அனுமதியிலும் அழிப்பு முறை எழுதியிருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

கூண்டோடு உறைபையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் 48 மணி நேரம் வைத்து, பிறகு ஆட்டோகிளேவ். மண் உள்ள தட்டு உள்ளே வரை உறைய நேரம் எடுக்கும், அதற்கு ஒரு வாரம் கொடுங்கள். அறையைக் கழுவிய பிறகும் மூன்று வாரம் வெளிச்சப் பொறியை உள்ளே எரிய விடுங்கள். அலமாரிக்குப் பின்னால் விழுந்த ஒரு கூட்டுப்புழு இருந்தால் அதற்குள் வெளிவந்துவிடும்.